நூலிழையில் எழுந்த கல்வி

நுழையும்முன்

ஒரு பள்ளியைத் தொடங்குவதற்கு நல்லெண்ணம் போதும்; அதனை நடத்துவதற்குப் பொருள் வேண்டும். அரசு ஊர்தோறும் பள்ளி நடத்தாத காலத்தில், பெண்களுக்குக் கல்வி எதற்கு எனக் கேட்ட சமூகத்தில், ஏழைச் சிறுமியரின் படிப்புக்கு யார் பொருள் தந்தனர்? 19ஆம் நூற்றாண்டில் நாஞ்சில் நாட்டில் இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் பணியால் விடை கண்டவர் மார்த்தா மால்ட்.

நாஞ்சில் நாட்டின் அன்றைய நிலை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்துடன் இணைந்தது. அதற்குமுன் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஏரிகளும் கால்வாய்களும் வளம் சேர்த்த நெல்வயல்களால் நாஞ்சில் நாடு புகழ்பெற்றது. ஆயினும் அவ்வயல்களில் உழைத்தோரில் ஒரு பகுதியினர் அடிமைகளாக வாழ்ந்தனர். நிலத்தோடு சேர்த்து அவர்களை விற்பதும் அடகு வைப்பதும் வழக்கில் இருந்தன. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் அடிமையாகவே கருதப்பட்டது.

ஆண்குழந்தைகளுக்குத் திண்ணைப்பள்ளிகள் இருந்தன. அங்கும் எல்லாச் சாதியினருக்கும் இடமில்லை. உழைக்கும் குடும்பத்துப் பெண்குழந்தைக்கோ எழுத்தறிவு என்பது எட்டாத ஒன்றாகவே இருந்தது. தாயும் தந்தையும் வயலுக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும், விறகும் நீரும் சுமப்பதும் அவளுடைய கடமைகளாயின. அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் இரு கைகள் குறைந்துவிடும் என்பதே பெற்றோரின் அச்சம்.

இச்சூழலில் 1806ஆம் ஆண்டு வந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றிப் பள்ளிகளைத் தொடங்கினார். அவர் சென்றபின் 1818ஆம் ஆண்டு வந்த சார்லஸ் மீட், பணியின் மையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அவருக்குத் துணையாக இலண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய சார்லஸ் மால்ட்டும் அவருடைய மனைவி மார்த்தாவும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலை வந்தடைந்தனர். அப்போது மார்த்தாவுக்கு வயது ஏறத்தாழ 25.

சிறுமியர் பள்ளி

மீட்டின் மனைவி ஜொகன்னாவும் மார்த்தாவும் சிறுமியருக்கான பள்ளிப் பணியில் ஈடுபட்டனர். 1828ஆம் ஆண்டில் மீட் குடும்பத்தினர் நெய்யூருக்குச் சென்றபின் நாகர்கோவில் பள்ளியின் பொறுப்பு மார்த்தாவைச் சேர்ந்தது. அது சிறுமியர் தங்கிப் படிக்கும் பள்ளி. ஆகவே பாடம் கற்பிப்பதோடு அவர்களின் உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றையும் பள்ளியே ஏற்கவேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு வாய்ச்சோறு மிச்சமாகும் என்பதனாலேயே சில பெற்றோர் மகளை அனுப்ப இசைந்திருத்தல்கூடும்.

இச்செலவுக்கு வழி என்ன? ஆண்களுக்கான உயர்பள்ளிக்குத் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதிபாய் பொருள் வழங்கியிருந்தார். அதனைக்கொண்டு வாங்கிய நெல்வயல்களின் வருவாய் அப்பள்ளியைத் தாங்கியது. சிறுமியர் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்த அன்பர்கள் ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பினர். ஒரு கொடையாளர் ஒரு குழந்தையின் செலவை ஏற்றுக்கொள்வதும், அக்குழந்தைக்குக் கொடையாளர் விரும்பிய பெயரைச் சூட்டுவதும் அக்கால வழக்கம். கடல் கடந்து வந்த அந்த உதவி பல சிறுமியருக்குச் சோறும் எழுத்தும் தந்தது. அதே உதவி, தாய் இட்ட பெயரை மாற்றி வேற்றுமொழிப் பெயரையும் தந்தது. பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நிலையில் உதவியோடு சில இழப்புகளும் சேர்ந்தே வரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தொலைவிலிருந்து வரும் நன்கொடை என்றும் ஒரே அளவில் வருவதில்லை. கப்பல் தாமதிக்கலாம், கொடையாளர் மறையலாம். பள்ளி நிலைத்து நிற்க உள்ளூரிலேயே ஒரு வருவாய் வேண்டும் என்பதை மார்த்தா உணர்ந்தார்.

ரேந்தைப் பின்னல்

மார்த்தா இங்கிலாந்தில் ரேந்தைப் பின்னல் கற்றவர். திண்டு ஒன்றின்மீது கோலம் வரைந்த தாளை விரித்து, கோலத்தின் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பின்னுவது இக்கலை. ஒரு விரற்கடை அகலப் பின்னலுக்கே பல மணி நேரம் தேவைப்படும். கூரிய பார்வையும் பொறுமையும் எண்ணிக்கையில் கவனமும் இதற்கு வேண்டும்.

1820களின் தொடக்கத்தில் மார்த்தா இக்கலையைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். அதே காலத்தில் ஐரோப்பாவில் இயந்திரங்கள் வலைத்துணியை நெய்யத் தொடங்கியிருந்ததால் கைப்பின்னல் தொழில் நலிவை எதிர்கொண்டது. அங்குத் தளர்ந்துவந்த கலை நாகர்கோவிலில் வேரூன்றியது. படிப்புக்கும் கைவேலைக்கும் எனப் பள்ளியின் நேரம் பகுக்கப்பட்டது. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் கற்ற சிறுமியர் தையலும் பின்னலும் பயின்றனர். அவர்கள் பின்னிய ரேந்தையை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். விற்ற தொகை பள்ளிச் செலவுக்கு உதவியது. பின்னிய சிறுமிக்கும் அதில் ஒரு பங்கு சேர்ந்தது.

| தெரிந்து தெளிவோம் |
| ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. சன்னல், அலமாரி, சாவி ஆகியனவும் அம்மொழி வழியாக வந்த சொற்களே. |

விடுதலையின் விலை

மார்த்தாவின் பள்ளிக்கு அடிமைக் குடும்பங்களின் சிறுமியரும் வந்தனர். அவர்கள் படித்து முடித்தாலும் உரிமையாளரிடமே திரும்பவேண்டிய நிலை இருந்தது. விலையைக் கொடுத்தால் மட்டுமே விடுதலை கிட்டும். அந்த விலையை நன்கொடையிலிருந்து கொடுத்துவிடாமல், சிறுமியர் தம் உழைப்பாலேயே ஈட்டவேண்டும் என்பது பள்ளியின் முறையாக இருந்தது. அவ்வாறே சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, எழுத்தறிந்த சில பெண்கள் நூலிழையைக் கொண்டு தம் தளையை அறுத்துக்கொண்டனர்.

இதனை இன்றைய அளவுகோலால் மதிப்பிட்டால் ஓர் ஐயம் எழும். சிறுமியர் உழைத்துத்தான் கல்வியையும் விடுதலையையும் பெறவேண்டுமா? 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமை என 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குழந்தையின் உழைப்பைக் கல்விக்கு விலையாகக் கேட்பதை இக்காலம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அத்தகைய உரிமை கனவிலும் இல்லாத காலத்தில், கையில் இருந்த ஒரே வழியை மார்த்தா பயன்படுத்தினார் என்று கொள்வதே நேர்மையான மதிப்பீடாகும்.

குடும்பங்களில் விளைந்த மாற்றம்

தோள்சீலை உரிமைக்கான போராட்டம் தென் திருவிதாங்கூரைக் கொந்தளிக்கச் செய்த ஆண்டுகள் அவை. பெண்கள் தாக்கப்பட்டனர், 1820களின் இறுதியில் பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. மார்த்தாவின் பணி இவற்றுக்கிடையேயும் தொடர்ந்தது. பள்ளியில் பயின்ற பெண்களுள் சிலர் ஆசிரியர்களாயினர். சிலர் ஆசிரியர்களை மணந்து சிற்றூர்களுக்குச் சென்று அங்குள்ள சிறுமியருக்குக் கற்பித்தனர். மணமான பின்னும் வீட்டிலிருந்தே ரேந்தை பின்னிப் பொருளீட்டிய பெண்கள் பெருகினர். மகளைப் படிக்கவைத்தால் வீட்டுக்கு இழப்பு என்னும் எண்ணம் அவ்வீடுகளில் மெல்ல மாறியது. எழுத்தறிந்த தாயின் மடியில் வளரும் குழந்தைக்கு அவளே முதல் ஆசிரியர் ஆனாள்.

மார்த்தாவின் மகள் எலைசா, 1844ஆம் ஆண்டில் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் எலைசாவும் சிறுமியருக்குப் பள்ளி நடத்தி ரேந்தைப் பின்னல் கற்பித்தார். தாயிடம் கற்றது மகள் வழியாக மற்றொரு வறண்ட மண்ணுக்குச் சென்று சேர்ந்தது.

நிலைத்த பணி

ஏறத்தாழ 35 ஆண்டுகள் நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் இணையர் 1850களின் நடுவில் இங்கிலாந்துக்குத் திரும்பினர். மார்த்தா 1870ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப்பின் வந்தோர் ரேந்தைத் தொழிலை மேலும் விரிவாக்கினர். நாகர்கோவில் ரேந்தை வெளிநாடுகளிலும் பெயர்பெற்றது. அவர் பேணி வளர்த்த சிறுமியர் பள்ளி, பின்னாளில் டதி பெண்கள் மேல்நிலைப்பள்ளி என்னும் பெயர் பெற்று நாகர்கோவிலில் இன்றும் நடந்துவருகிறது.

உள்ளூர் மக்களின் பங்கால் குழந்தைகளின் கல்வி தழைத்த வரலாறு தமிழகத்தில் பின்னும் தொடர்ந்தது. காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊர்மக்கள் அளித்த அரிசியும் பருப்பும் பொருளும் அதற்குத் துணைநின்றன. இன்று அங்கன்வாடி மையங்களும் சத்துணவும் அரசின் பொறுப்பாகியுள்ளன. ஈவோரின் மனநிலையைச் சாராமல், கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாகக் கிடைப்பதே இவ்வளர்ச்சியின் பயன்.

கொடை ஒரு பள்ளியின் கதவைத் திறக்கும். பெறுவோர் தம் காலில் நிற்கும் ஆற்றலை அக்கொடை வளர்க்கும்போதுதான், கொடுத்தவர் மறைந்தபின்னும் அக்கதவு திறந்திருக்கும். நாகர்கோவில் சிறுமியரின் விரல்கள் பின்னிய மெல்லிய நூல் இவ்வுண்மையை நாஞ்சில் நாட்டின் வரலாற்றில் பதித்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழமையான பள்ளி யாருடைய கொடையால் தொடங்கப்பட்டது, எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.
2. அடிமைச் சிறுமியரின் விடுதலைக்கான விலையை நன்கொடையிலிருந்து கொடுத்திருக்க வேண்டுமா, உழைப்பால் ஈட்டச் செய்தது சரியா என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. கைத்தொழில் ஒன்றால் குடும்பத்தை நடத்தும் பெண் ஒருவரிடம் நேர்காணல் நடத்துவதற்கான வினாக்களைத் தொகுக்க.