475 விமானங்களை ஏலம் எடுத்தவர்!

ஒரு மனிதர், மொத்தமாக 475 ஆகாய விமானங்களை விலைக்கு வாங்கினார் என்றால் நம்ப முடிகிறதா?

அவர் மன்னரும் அல்ல, மந்திரியும் அல்ல. சினிமாவில் விமானம் ஓட்டிப் பிழைத்தவர்! பெயர் பால் மான்ட்ஸ்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 1903-ம் ஆண்டு பிறந்தார். ராணுவ விமானப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிகிற சமயம், ஒரு விளையாட்டு விளையாடினார். எதிரே வந்த ரெயிலை நோக்கி, தண்டவாளத்துக்கு மேலே தாழ்வாகப் பறந்தார். மோதப் போகிற நேரத்தில் ஜிவ்வென்று மேலே கிளம்பினார். அந்த ரெயிலில் வந்தவர்கள் யார் தெரியுமா? ராணுவ அதிகாரிகள்! மான்ட்ஸ் வெளியேற்றப்பட்டார்.

ராணுவம் கை விட்டது. சினிமா கை கொடுத்தது.

ஏலம்

2-வது உலகப்போர் முடிந்தது. ஓக்லஹோமா மாநிலத்தில், ஸ்டில்வாட்டர் என்ற ஊரில், போருக்குப் போன விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. 1946-ல் அவற்றை சர்க்கார் விற்றது. சுமார் 55 ஆயிரம் டாலருக்கு மான்ட்ஸ் எடுத்தார். விமானம் ஒன்றுக்கு 116 டாலர்தான் ஆகிறது! அவற்றில் இருந்த பெரிய குண்டு வீச்சு விமானம் ஒன்றைச் செய்ய, போர்க்காலத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் பிடித்தது.

இத்தனையும் எதற்கு?

விமானங்களின் தொட்டிகளில் பெட்ரோல் மிச்சம் இருந்தது. அதை விற்றார். போட்ட பணத்தில் பெரும் பகுதி அதிலேயே திரும்பிவிட்டது என்பார்கள். மான்ட்ஸ் விமானத்தைப் பார்த்தார்; அதன் வயிற்றையும் பார்த்தார்!

தனக்கு வேண்டிய சுமார் ஒரு டஜன் விமானங்களை வைத்துக்கொண்டார். மற்றவை உடைந்து, பழைய உலோகமாக விலை போயின.

வைத்துக்கொண்டவற்றில் "மஸ்டாங்" என்ற சண்டை விமானமும் உண்டு. அதன் இறக்கைக்குள்ளேயே பெட்ரோல் நிரப்பும்படி மாற்றினார். வழியில் இறங்காமல் பறக்க இது உதவியது. "பெண்டிக்ஸ்" பந்தயத்தில் 1946, 1947, 1948 ஆகிய 3 ஆண்டுகளும் அவருக்கே முதல் பரிசு!

கடைசிப் படம்

1965-ல் "பீனிக்ஸ்" என்ற பறவையின் பெயரில் ஒரு படம் எடுத்தார்கள். பாலைவனத்தில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் துண்டுகளைக் கொண்டு, பிழைத்தவர்கள் புது விமானம் செய்கிற கதை. படத்துக்காக உண்மையிலேயே அப்படி ஒன்று தயார் ஆனது. இறக்கை ஒரு விமானத்தினுடையது. என்ஜின் வேறு ஒன்றினுடையது.

அதை ஓட்ட வேண்டியவர் மான்ட்சின் கூட்டாளி டால்மன். அவருக்குக் காலில் காயம். ஆகவே 61 வயது மான்ட்ஸ் ஏறினார்.

ஜூலை 8-ந்தேதி. ஒரு தடவை தரையை ஒட்டிப் பறந்து காட்டினார். படம் பிடித்தாகிவிட்டது. இன்னொரு தடவை எடுக்க விரும்பினார்கள். மறுபடியும் பறந்தார். சக்கரம் மணல் மேட்டில் தட்டியது. விமானம் நடுவில் முறிந்து, தலைகீழாகப் பாய்ந்தது. கூட இருந்த சண்டை நடிகர் காயத்துடன் தப்பினார். மான்ட்ஸ் இறந்துவிட்டார்.

அவரும் டால்மனும் சேர்த்து வைத்திருந்த விமானங்களில் பல, 1968 மே மாதம் விற்பனைக்கு வந்தன. அதுவும் ஏலத்தில்தான்.