மொத்தத்தையும் பம்பாயில் விட்டவர் மீண்டு வந்தது எப்படி? ஜி.டி. நாயுடு வாழ்க்கையும் ஒரு 'ஆல்-இன்' கணக்கும்

கோவை அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தில் போகிறவர்களுக்குப் பழக்கமான பெயர் ஜி.டி. நாயுடு. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டது. இந்தியாவின் எடிசன் என்ற பட்டம் பலருக்கும் தெரியும். ஆனால் 30 வயதுக்கு முன்பே லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதித்து, அத்தனையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கேள்விக்கு அவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. எதிராளி 'ஆல்-இன்' போகிறார். கட்டுவதா, விடுவதா?

ஆல்-இன் என்றால் என்ன?

தன் முன்னால் இருக்கும் மொத்த சிப்ஸையும் நடுவில் தள்ளுவதுதான் ஆல்-இன். எதிரில் இருப்பவருக்கு இரண்டே வழி. அதே அளவு கட்டினால் 'கால்'. சீட்டைக் கவிழ்த்து வைத்தால் 'ஃபோல்டு'.

ஒரு சின்னக் கணக்கு. நடுவில் ஏற்கெனவே 6,000 சிப்ஸ் இருக்கிறது. எதிராளி 3,000 வைத்து ஆல்-இன் போகிறார். உங்களிடம் இருப்பதும் 3,000தான். நீங்கள் கட்டினால் மொத்தம் 12,000. அதில் உங்கள் பணம் நாலில் ஒரு பங்கு. அப்படியானால், நாலு தடவையில் ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் கட்டுவது லாபம்.

ஆனால் இது சாதாரண ஆட்டத்தின் கணக்கு. அங்கே தோற்றால், பாக்கெட்டில் இருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து மறுபடி உட்காரலாம். டோர்னமென்ட்டில் அப்படி இல்லை. சிப்ஸ் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். சிப்ஸ் இரண்டு மடங்கானாலும் பரிசுப் பணம் இரண்டு மடங்கு ஆவதில்லை. அதனால்தான் அங்கே ஜெயிக்கும் சிப்ஸைவிட இழக்கும் சிப்ஸுக்கு மதிப்பு அதிகம். பரிசுப் பட்டியலை நெருங்கும் நேரத்தில், நாலில் ஒரு வாய்ப்பு என்பது கட்டுவதற்குப் போதாது.

சுருக்கமாகச் சொன்னால், ஜெயிப்பேனா என்பது பாதிக் கேள்விதான். தோற்றால் மறுபடி ஆட முடியுமா என்பதுதான் மீதி.

யார் இந்த ஜி.டி. நாயுடு?

1893 மார்ச் 23 அன்று, கோவை மாவட்டம் சூலூர் பக்கத்தில் இருக்கும் கலங்கல் கிராமத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது.

ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள்தான் அவரை மாற்றியது. அதைப் பார்த்தவர் கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்தார். சில வருஷம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஓட்டித் திரிந்ததோடு நிற்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி பூட்டி, அப்படியே மெக்கானிக் வேலையைக் கற்றுக்கொண்டார். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் அவரைக் காப்பாற்றியது இதுதான்.

பம்பாயில் என்ன நடந்தது?

அடுத்து திருப்பூரில் பருத்தியில் இருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கும் ஜின்னிங் ஃபேக்டரி. முதல் உலகப் போர் நேரத்தில் பஞ்சுக்கு நல்ல விலை. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

அந்தப் பணத்தோடு பம்பாய் போனார். பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் சந்தை திருப்பூர் மாதிரி இல்லை. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் நடப்பது பம்பாய் விலையை ஆட்டிவைத்த காலம். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பரம்பரை பரம்பரையாக அதையே தொழிலாகச் செய்தவர்கள். பணம் மொத்தமும் போனது.

போக்கர் மேசையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு எப்படி மீண்டார்?

அவர் பம்பாயில் வைத்தது பணத்தை மட்டும்தான். இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை மேசை மேல் இல்லை. அது அவரோடு ஊருக்குத் திரும்பி வந்தது.

கோவையில் மில், மோட்டார் கம்பெனி என்று பெரிய அளவில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸிடம் சேர்ந்தார். அவருடைய ஆதரவோடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார்.

பம்பாய் பருத்தியும் பந்தயம்தான், இந்த பஸ்ஸும் பந்தயம்தான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். பழனிக்குப் போகும் பக்தர் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம். வண்டி ரிப்பேர் ஆனால் தானே சரிசெய்துகொள்ளலாம். டிக்கெட் காசு அன்றன்றைக்கே கைக்கு வரும். ஒருநாள் நஷ்டம் வந்தாலும் மறுநாள் காலை வண்டியை எடுக்கலாம்.

அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் நூற்றுக்கணக்கான பஸ்கள்.

கணபதிக்கு என்ன தொடர்பு?

1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து ஜி.டி. நாயுடு மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதே பாலசுந்தரம் பின்னர் தொடங்கியதுதான் கணபதியின் டெக்ஸ்டூல் நிறுவனம். கோவை என்றாலே மோட்டார் பம்ப்செட் என்று பேர் வாங்கியதில் இந்தத் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபோல்டு செய்யவும் தெரிந்தவர்

எல்லாவற்றிலும் அவர் ஜெயிக்கவில்லை. 1936 தேர்தலில் நின்று தோற்றார். 1945-ல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கியது. வருஷக்கணக்கில் படிக்கத் தேவையில்லை, குறைந்த காலத்திலேயே தொழில் கற்றுத் தரலாம் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பிடிவாதமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காமல் விலகிக்கொண்டார். அந்த நிறுவனம்தான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.

தேர்தலில் தோற்றபோதும், கல்லூரியை விட்டு விலகியபோதும், அவரிடம் அடுத்த வேலை இருந்தது. ரேஸர், ரேடியோ, பருத்திச் செடி, பப்பாளி என்று 1974 ஜனவரி 4 அன்று இறக்கும் வரை ஏதாவது ஒன்றை ஆராய்ந்துகொண்டே இருந்தார்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகவே ஃபோனில் பணம் வைத்து போக்கர் ஆடலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆல்-இன் கேள்வி சீட்டாட்டத்தோடு முடிவதில்லை.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வருகிறது. புது மெஷின் வாங்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா? கையில் இருக்கும் மொத்த சேமிப்பையும் ஒரே பங்கில் போடலாமா? இதெல்லாம் கட்டுவதா, விடுவதா என்ற அதே கேள்விதான்.

கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். ஜெயித்தால் எவ்வளவு வரும்? ஜெயிக்க உண்மையில் எவ்வளவு வாய்ப்பு? தோற்றால் மறுநாள் காலை எதை வைத்துத் தொழிலைத் திறப்பது? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருந்து, மூன்றாவதுக்குப் பதில் இல்லை என்றால், சீட்டைக் கவிழ்த்து வைப்பதில் தப்பில்லை.

ஜி.டி. நாயுடுவிடம் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தது. கையில் தொழில் இருந்தது. பம்பாயில் அத்தனையும் போன பிறகு, பழனி ரோட்டில் அவரால் வண்டியை எடுக்க முடிந்தது அதனால்தான்.