பச்சிலையின் தொழிலை அளந்த பேரறிஞர்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தில் மலர்த் தோட்டங்களும் தென்னஞ்சோலைகளும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. அங்குள்ள ஒவ்வோர் இலையும் ஓர் உணவுச் சாலையாகும். வேர் உறிஞ்சிய நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு, இலையிலுள்ள பச்சையம் கதிரவன் ஒளியின் துணையால் உணவை ஆக்குகின்றது. பிராண வாயுவை வெளிவிடுகின்றது. இதுவே ஒளிச்சேர்க்கை எனப்படும். ஒளியின்றேல் இத்தொழில் நடவாது என்பதையும், செடியின் பச்சை உறுப்புகளே இதனைச் செய்யும் என்பதையும் 1779ஆம் ஆண்டில் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் விளக்கினார். அத்தொழிலின் விரைவைத் தானே பதிவு செய்யும் கருவியை அமைத்துப் புகழ்பெற்ற இந்தியர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் வங்காளத்தில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தார். உயர்ந்த பதவியில் இருந்த தந்தையார், மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கு உழவர், மீனவர் மக்களுடன் ஒன்றாய் அமர்ந்து, அவர்கள் கூறிய விலங்கு, பறவைக் கதைகளைக் கேட்டு இயற்கையின்பால் காதல் கொண்டார். பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார்.

1885ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். ஐரோப்பியர்க்கு அளித்ததினும் குறைந்த ஊதியமே இந்தியர்க்கு அளிக்கப்பட்டது. போஸ் அதனைத் தொட மறுத்தார். ஆயினும் மூன்றாண்டுகள் தொடர்ந்து கற்பித்தார். இறுதியில் அரசாங்கம் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

மின்காந்த அலைகளை ஆராய்ந்த அவர், பின்னர்ச் செடிகளின் உணர்ச்சியை ஆராயத் தொடங்கினார். 1901ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தில் அவர் படித்த கட்டுரையை உடலியல் வல்லுநர் சிலர் எதிர்த்தனர். கட்டுரை அச்சேறாது நின்றது. ஆயினும் போஸ் தம் சோதனைகளை நூல்களாக வெளியிட்டார். அதே கழகம் 1920ஆம் ஆண்டில் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது.

1917ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். நம் ஊர்க் குளங்களிலும் காணப்பெறும் ஹைட்ரில்லா என்னும் வேலம்பாசியே அங்கு அவருக்கு ஆசானாயிற்று. பாசியை நீருள்ள கண்ணாடிக் கலத்தில் இட்டு வெயிலில் வைத்தால், பிராண வாயு குமிழ் குமிழாய் எழும். ஒவ்வொரு குமிழும் மின்சுற்றை இயக்கி ஒரு புள்ளியைப் பதிக்குமாறு போஸ் கருவி செய்தார். ஒளி மிகுந்தால் புள்ளிகள் நெருங்கும்; ஒளி குறைந்தால் அவை விலகும்; இருளில் முற்றும் ஒழியும். இவ்வாராய்ச்சிகளை 1924ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

கோடையில் எடுத்த பாசி, கரியமில வாயு இல்லாத நீரிலும் குமிழ்களை விடுவதைக் கண்டு அவர் வியந்தார். அதன் உடலிலுள்ள மாலிக் அமிலமே அவ்வாயுவிற்கு ஈடாகின்றது எனக் கருதினார். பல்லாண்டுகளுக்குப் பின், வெப்பக் காலத்தில் வேலம்பாசி கரியமில வாயுவை முதலில் அவ்வமிலமாக மாற்றிக்கொள்கின்றது என்று அறிஞர் கண்டனர். போஸின் வேறு சில முடிவுகளைப் பிற்காலத்தார் ஏற்றிலர். எனினும் அவர் நுண்ணிதின் நோக்கிய திறத்தை யாவரும் போற்றுகின்றனர்.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அப்பெரியார் இயற்கை எய்தினார். அரும்பொருளைத் தேடித் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. குளத்துப் பாசியையும் கூர்ந்து நோக்குவார்க்கு இயற்கை தன் மறைபொருளைத் திறந்து காட்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.