ஊருக்கெல்லாம் ஒரே திருகு: ஜோசப் விட்வொர்த்

ஒர்க்‌ஷாப்ல கம்பியை வைஸ்ல இறுக்கி, டையைச் சுத்தித் த்ரெட் போட்டிருப்பீங்க. அந்த போல்ட்டுல கடையில வாங்கின நட்டு சரியா ஏறினா நாம ஆச்சரியப்பட மாட்டோம். ஆனா 200 வருஷம் முன்னாடி இங்கிலாந்துல பட்டறைக்குப் பட்டறை த்ரெட் வேற. ஒரு போல்ட் தொலைஞ்சா, செஞ்ச இடத்துக்கே திரும்பப் போகணும்.

இதை மாத்தினவர் ஜோசப் விட்வொர்த். 1803-ல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். சின்ன வயசுலயே அம்மாவை இழந்தார். 14 வயசுல உறவினர் ஒருத்தரோட பஞ்சாலையில சேர்த்து விட்டாங்க. அவருக்கோ மெஷின் மேலதான் ஆசை. அங்கிருந்து மான்செஸ்டருக்கு ஓடிப்போய் மெக்கானிக் ஆனார். லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேகிட்ட தொழில் கத்துக்கிட்டு, 1833-ல் மான்செஸ்டர்ல சொந்தப் பட்டறை போட்டார்.

திருகு விஷயத்துல அவர் செஞ்சது ரொம்ப எளிமை. பல பட்டறைகளோட திருகுகளைச் சேகரிச்சு, அளந்து, சராசரி எடுத்தார். கோணம் 55 டிகிரி. ஒவ்வொரு விட்டத்துக்கும் இத்தனை த்ரெட். 1841-ல் வெளியிட்டார். நாடே ஏத்துக்கிச்சு. நாம படிக்கிற பிஎஸ்டபிள்யூ த்ரெட் இதுதான்.

அடுத்து ராணுவத் துப்பாக்கியைச் சீர்படுத்த அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது. அப்போ இருந்த என்ஃபீல்டோட குழல் விட்டம் 0.577 அங்குலம். இவர் 0.451 அங்குலத்துல அறுகோணக் குழல் செஞ்சார். குண்டும் அதே அறுகோணம், குழலோட அப்படியே பொருந்தும். உள்வரி 20 அங்குலத்துக்கு ஒரு சுத்து, என்ஃபீல்டுல 78. 1857 சோதனையில என்ஃபீல்டு கிட்டவே வரலை. 1860-ல் விம்பிள்டன் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கி வச்சதும் இந்தத் துப்பாக்கியாலதான்.

ஆனாலும் ராணுவம் வேண்டாம்னுடுச்சு. விலை பல மடங்கு. கருமருந்து எரிஞ்ச கரி அந்தச் சின்னக் குழல்ல படிஞ்சா, அடுத்த குண்டை இறக்கவே சிரமம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தென்தரப்புக் குறிவீரர்கள் சிலர் கையில மட்டும் அது பேர் வாங்குச்சு.

கவனிச்சீங்களா? அளவுல பார்த்தா துப்பாக்கிதான் பெரிய வேலை. ஆனா ஊர்ப் பட்டறைகளை எல்லாம் கேட்டுப் பிறந்த திருகுதான் நிலைச்சது.

1868-ல் இளம் இன்ஜினியர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். 1887-ல் இறந்தார். அடுத்த தடவை ப்ராஜெக்ட்ல டாலரன்ஸ் எழுதும்போது, அந்தப் பாகம் அழுக்கான பிறகும் பொருந்துமானு ஒரு நிமிஷம் யோசிங்க.