பெருந்தலைவர் எம்.சி. ராஜாவும் குடியிருப்பு மனையும்

நம் சமுதாயப் பெரியோருள் எம்.சி. ராஜாவின் பெயரைக் கேளாத இளைஞர் சிலரே இருப்பர். எனினும் அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் 1932ஆம் ஆண்டில் டாக்டர் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்ட உடன்பாட்டோடு நின்றுவிடுகின்றனர். குடிசை நிற்கும் மண் யாருடையது என்னும் கேள்வி அவர் காலத்தில் நம் மக்களை எவ்வாறு வாட்டியது என்பதை ஈண்டு அவர்தம் வரலாற்றோடு இணைத்துக் கூற விரும்புகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883இல் சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியரானார், பாடநூல்களும் எழுதினார். நாமும் அத்தொழிலினர் ஆதலால் இதனைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

அவர் சிறுவராயிருந்தபோது, 1891இல், செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பண்ணையாளின் குடிசை அவனுடையதாயிருக்கலாம், மனையோ மிராசுதாரருடையது. கூலி உயர்த்திக் கேட்டாலும், வேறிடத்துக்கு வேலைக்குச் சென்றாலும் கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். 1892ஆம் ஆண்டு அரசாணையால் நம்மவர்க்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என இன்று வழங்குவது அதுவே. ஆயின் மனைக் குறை தீரவில்லை.

ராஜா 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார்; 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். நிலம், மனை, கிணறு, பள்ளி ஆகியவை பற்றி நம் பிரதிநிதிகள் அமைச்சர்களை நேருக்கு நேர் கேட்கத் தொடங்கிய காலம் அது. அந்நாளில் தொழிலாளர் துறை ஒரு திட்டத்தை நடத்தியது. குடியிருப்புக்குரிய நிலத்தை அரசு கையகப்படுத்தும். அதன் விலைக்கு, நம்மவர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கடன் பெற்றுத் தவணைகளில் அடைப்பர். இது இனாம் அன்று என்பதை இளைஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து நம் முன்னோர் தாம் மிதித்த மண்ணை விலைக்கு வாங்கினர். மிராசுதாரர் எதிர்த்ததும் அதனாலேயே. மனை கைமாறினால் ஆளும் கைநழுவுவான் அல்லவா?

நகரத்துக்குச் சென்றோர் நிலையும் மேலாயில்லை. 1921இல் சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் வேலைக்குச் சென்றனர். கலவரம் மூண்டு, புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் பல தீக்கிரையாயின. நெருங்கி நின்ற ஓலைக் கூரைகளில் ஒன்று பற்றினால் மற்றவற்றுக்கு என்ன காவல்? ராஜா தம் மக்களின் பக்கம் நின்றார். ஆலை முதலாளிகளுக்குத் துணைபோனார் என்று அவரைக் குறை கூறுவோர் உளர். ஒரு மாதக் கூலி நின்றால் உலை வைக்க வழியற்ற குடும்பங்களை எண்ணினால் அக்குறை நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கட்சித் தலைவர்களுடன் அவருக்கு ஏற்பட்ட பிளவு ஆறவேயில்லை; 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

பின்னர் மத்திய சட்டசபையில் பல்லாண்டு பணியாற்றினார். 1937இல் சில மாதங்கள் சென்னையில் வளர்ச்சித்துறை அமைச்சராயிருந்தார். 1938இல் பொதுக்கிணறு, பொதுவழி முதலியவற்றில் நம்மைத் தடுப்பதை ஒழிக்கும் சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறியது. அவர் கொணர்ந்த ஆலயப்பிரவேச மசோதா தோற்றது. 1943இல் மறைந்தார்.

அந்நாளில் நமது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னை அரசின் ஆணை இங்குச் செல்லாது. 1948இல்தான் இணைந்தோம். 1971இல் தமிழக அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டம், உழவுத் தொழிலாளர் பிறர் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கியது. 1974இல் நம் மாவட்டம் பிறந்தது. ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகமாகிய தாட்கோவும் அவ்வாண்டில்தான் தோன்றியது. வங்கதேசத்துக் கிராமின் வங்கி 1984இல் வீட்டுக்கடன் தொடங்கியபோது, மனை கடன் பெறும் பெண்ணின் பெயரில் இருத்தல் வேண்டும் என விதித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவன் ஒருவனின் தந்தையார், அரசு வீட்டுத் திட்டத்துக்கு மனு எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். மூன்று தலைமுறையாக அதே இடத்தில் இருப்பவர், பட்டா இல்லை. வீட்டு மனுவை ஒதுக்கிவைத்துவிட்டு, தாசில்தாருக்குப் பட்டா மனுவை முதலில் எழுதினோம்.