ஒரே ராத்திரியில் 3 பெண்கள் சாவு: டாக்டராக மாறிய ஐடா ஸ்கடர்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ரோட்டுக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர். யார் இந்த ஐடா?

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். ஆனால் ஐடாவுக்கு அந்த வேலையே பிடிக்கலை.

திண்டிவனத்தில் அப்பாவோடு தங்கியிருந்தபோது, ஒரு ராத்திரி 3 பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி. ஆம்பளை டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க என்று ஐடாவிடம் கெஞ்சினார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள 3 பெண்களும் செத்துப்போனார்கள்.

மனசு மாறிய ஐடா அமெரிக்கா போய் படித்து, 1899-ல் டாக்டர் ஆனார். 1900-ல் வேலூர் திரும்பி, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கென ஆஸ்பத்திரி கட்டினார். குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தியும் கிராமத்து ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார்.

தன் ஒருத்தியால் முடியாது என்று புரிந்ததும், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். பொம்பளைகளுக்கு இந்தப் படிப்பு ஏறுமா என்று கேட்டவர்களும் உண்டு. 1922-ல் முதல் பேட்ச் 14 பேரும் பாஸ்!

1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆச்சு. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

கல்யாணமே செய்துகொள்ளாத ஐடா, 1960-ல் கொடைக்கானலில் 89 வயதில் காலமானார்.