பறவைகளின் நண்பர் ஹட்சன்

எழுதுகோல் ஒன்றையே துணையாகக் கொண்டு வாழ்க்கை நடத்துதல் எளிய செயலன்று. அத்தொழிலில் திங்கள்தோறும் வரும் ஊதியம் இல்லை. எழுதிய கட்டுரை இதழில் வெளிவந்தால் சிறிது பொருள் கிடைக்கும். திருப்பி அனுப்பப்பட்டால் அதுவும் கிடைக்காது. இத்தகைய வாழ்வை மேற்கொண்டு, இயற்கையின் அழகையும், எளிய மக்களின் வரலாற்றையும், தாம் சென்று கண்ட ஊர்களின் இயல்பையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிப் புகழ் பெற்றவர் வில்லியம் ஹென்றி ஹட்சன் ஆவார்.

இளமைப் பருவம்

ஹட்சன் 1841 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4 ஆம் நாள் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா நாட்டில், கில்மெஸ் என்னும் ஊரை அடுத்த பண்ணை வீடொன்றில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து வந்து அங்குக் குடியேறியவர்கள். அவ்வீட்டின் அருகே இருபத்தைந்து ஓம்பு மரங்கள் வரிசையாக நின்றன. அம்மரங்களின் பெயராலேயே அப்பண்ணை வழங்கலாயிற்று. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கடல்போல் பரந்து கிடந்தது புல்வெளி.

அந்நாளில் அங்குப் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் வந்து தங்கிய ஆசிரியர் சிலரிடம் அவர் எழுதப் படிக்கக் கற்றார். எனினும் அவருக்குப் பெரும் பள்ளியாக விளங்கியது அப்புல்வெளியே. ஆறு வயதிலேயே அவர் குதிரையேறித் தனியே சுற்றித் திரிந்தார். பறவைகளின் கூடுகளைத் தேடிக் கண்டார். அவற்றின் ஒலிகளைச் செவிமடுத்து மனத்தில் பதித்துக்கொண்டார். அன்னையார் மகனின் ஆர்வத்தை அறிந்து உள்ளூர மகிழ்ந்தார்.

நோயும் துயரும்

அவருக்குப் பதினைந்து பதினாறு வயதானபோது, மாட்டு மந்தையை ஓட்டிச் சென்ற வழியில் கடும் மழையில் நனைந்தார். அதனால் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அவருடைய நெஞ்சம் பழுதுற்றது என்றும், எந்த நேரத்திலும் உயிர் பிரியலாம் என்றும் மருத்துவர் கூறிவிட்டனர். 1859 ஆம் ஆண்டில் அன்பு மிக்க அன்னையாரும் மறைந்தார். இளைஞர் உள்ளம் கலங்கியது. ஆயினும், எஞ்சிய நாள்கள் சிலவேயாயினும் அவற்றை இயற்கையைக் கண்டு மகிழ்வதிலேயே கழிக்க அவர் உறுதி பூண்டார்.

அவர் பறவைகளைச் சேகரித்து அமெரிக்காவிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பலானார். அந்நாளில் பறவையை ஆராய்வோர் முதலில் அதனைச் சுட்டு வீழ்த்துவர். ஹட்சனும் அவ்வாறே செய்தார். தாம் கண்ட செய்திகளை இலண்டன் விலங்கியல் கழகத்திற்கும் மடல்களாக எழுதினார். அப்புல்வெளியில் வாழும் மரங்கொத்தி ஒன்று மரத்தில் ஏறுவதே இல்லை என்று பேரறிஞர் டார்வின் எழுதியிருந்தார். அது மரங்களிலும் வாழ்வதைத் தாம் கண்டதாக 1870 ஆம் ஆண்டில் ஹட்சன் மறுத்து எழுதினார். தாம் கண்ட இடத்தில் அது மரம் ஏறவில்லை என்று டார்வின் விடையிறுத்தார். எனினும் 1872 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் பதிப்பில், வேறு சில பகுதிகளில் அது மரங்களிலும் வாழ்வதாக ஹட்சன் கண்டதையும் பெயர் குறித்துச் சேர்த்துக்கொண்டார். கண்ணால் கண்டதை அஞ்சாது கூறிய இளைஞரும் பெருமைக்குரியவர். அதனை ஏற்றுக்கொண்ட அறிஞரும் பெருமைக்குரியவர்.

1871 ஆம் ஆண்டில் ஹட்சன் பறவைகளைக் காணப் பாட்டகோனியா என்னும் தென்பகுதிக்குச் சென்றார். அங்குக் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்ததால் குண்டு அவர் முழங்காலில் பாய்ந்தது. அலைந்து திரிய எண்ணியவர் ஓரிடத்தில் முடங்கிக் கிடக்க நேர்ந்தது. அந்த ஓய்வு நாள்களின் நினைவே, பிற்காலத்தில் அவர்தம் சிறந்த பயண நூல்களுள் ஒன்றாக மலர்ந்தது.

இலண்டனில் வறுமை

1874 ஆம் ஆண்டில் ஹட்சன் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தார். அதன் பின்னர் அவர் பிறந்த நாட்டிற்குத் திரும்பவே இல்லை. 1876 ஆம் ஆண்டில் எமிலி என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் நடத்திய விடுதி நட்டமுற்று மூடப்பட்டது. ஹட்சன் இதழ்களுக்குக் கதைகளும் கட்டுரைகளும் எழுதி அனுப்பினார். கிடைத்த பொருளோ மிகச் சிறிது. ஒரு வாரம் முழுவதும் ஒரு டப்பா கோக்கோவும் பாலுமே கணவன் மனைவி இருவருக்கும் உணவாக இருந்தன என்பர். 1885 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் நூலைக் கற்றோர் பலரும் கவனிக்கவில்லை.

ஆயினும் ஹட்சன் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1892 ஆம் ஆண்டில், தாம் பிறந்த நிலத்தின் விலங்கு பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அறிஞர் உலகம் அவரை அன்றுதான் அறிந்துகொண்டது.

ஊரும் வரலாறும்

அது முதல் அவர் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நடந்தும் மிதிவண்டியில் ஊர்ந்தும் பயணம் செய்தார். பெரிய மாளிகைகளைக் காட்டிலும் சிற்றூர்க் குடிசைகளே அவரைக் கவர்ந்தன. முதியோரிடம் அமர்ந்து பழங்கதைகளைக் கேட்டார். 1910 ஆம் ஆண்டில் வெளிவந்த, வில்ட்ஷயர் வட்டாரத்து ஆட்டிடையர் ஒருவரின் வாழ்வைக் கூறும் நூல் அவ்வாறு பிறந்ததே. 1830 ஆம் ஆண்டில் கதிரடிக்கும் பொறிகளால் பிழைப்பிழந்த உழவுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவருள் பலர் கடல் கடந்து நாடு கடத்தப்பட்டனர். அரசர்களின் வரலாற்றில் இடம் பெறாத அவ்வேழைகளின் துயரை, அந்நாளை நினைவில் வைத்திருந்த முதியோர் வாய்மொழியாகக் கேட்டு ஹட்சன் எழுதி வைத்தார்.

பறவைக் காப்பு

அக்காலத்தில் மேலைநாட்டுப் பெண்டிர் தொப்பிகளில் பறவை இறகுகளை அணிதல் நாகரிகமாகக் கருதப்பட்டது. வெண்கொக்கின் மெல்லிய இறகுகள் பெருவிலைக்கு விற்றன. அவ்விறகுகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் வளரும். எனவே வேடர் கூட்டிலேயே தாய்ப்பறவையைச் சுட்டனர். குஞ்சுகள் இரையின்றி மடிந்தன. இக்கொடுமையைத் தடுக்க 1889 ஆம் ஆண்டில் பெண்மணிகள் சிலர் இங்கிலாந்தில் பறவைக் காப்புக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். ஹட்சன் அதில் தொடக்க நாளிலேயே துணை நின்று, சிறு வெளியீடுகள் பல எழுதிக் கொடுத்தார். இளமையில் பறவைகளைச் சுட்டவர், முதுமையில் தொலைநோக்கியால் கண்டு மகிழ்வதே போதும் என்று உலகிற்கு உணர்த்தினார்.

இப்பணி விரைவில் பயன் தரவில்லை. இந்தியாவிலிருந்து இறகுகளை ஏற்றுமதி செய்வது 1902 ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்தில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921 ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. முப்பதாண்டு உழைப்பின் வெற்றியை ஹட்சன் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

இறுதி நாள்கள்

1901 ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை வழங்கியது. 1904 ஆம் ஆண்டில் அவர் எழுதிய நெடுங்கதை 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மீண்டும் வெளியிடப்பட்டு மிகுதியாக விற்றது. கையில் பொருள் சேர்ந்ததும், தமக்கு இனித் தேவையில்லை என்று அவர் அவ்வுதவித்தொகையைத் தாமே விடுத்தார். நோய்ப்படுக்கையில் கிடந்தபோது இளமை நினைவுகள் தெளிவாகத் தோன்றவே, அவற்றை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1918 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எந்த நேரத்திலும் இறப்பு நேரலாம் என்று மருத்துவர் கூறிய அவ்விளைஞர், எண்பத்தொன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1922 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18 ஆம் நாள் மறைந்தார். தம் பொருளில் பெரும்பகுதியைப் பறவைக் காப்புக் கழகத்திற்கே விட்டுச் சென்றார். இலண்டன் ஹைட் பூங்காவில் 1925 ஆம் ஆண்டில் அவர் நினைவாகச் சிற்பம் ஒன்றும், பறவைகள் அச்சமின்றி வாழப் புகலிடம் ஒன்றும் அமைக்கப்பட்டன. மாளாத நோயும் தீராத வறுமையும் சூழ்ந்தபோதும், உற்று நோக்கும் கண்ணும் உண்மை உரைக்கும் எழுதுகோலும் உடையவர் உலகிற்கு நற்பயன் விளைக்க முடியும் என்பதற்கு ஹட்சனின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.